கையெழுத்துக்கு இந்தப் பக்கம்

"போகலைன்னா போலீஸ் வருமா, சார்?"

ராணுவத்துக்குத் தேர்வாகிவிட்டுக் கிளம்பத் தயங்குகிற பையனிடம் பேச்சுக் கொடுத்தால், எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பான். பழனி மலையில், மேல்மலையானாலும் கீழ்மலையானாலும், இதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். வாரண்டு வரும் என்பார் ஒருவர். இனிமேல் எந்த அரசு வேலைக்கும் எழுத முடியாது என்பார் இன்னொருவர். லட்சக்கணக்கில் கட்டச் சொல்வார்கள், பாஸ்போர்ட் கிடைக்காது, தம்பி போனாலும் எடுக்கமாட்டார்கள் என்று பட்டியல் நீளும். டீக்கடையில் நாலாவதாக ஒருவர், "ஒண்ணும் ஆகாது, பேசாம வீட்ல கிட" என்று முடித்துவைப்பார். பயமுறுத்துகிறவர் சொல்வதும் தப்பு, தைரியம் சொல்கிறவர் சொல்வதும் தப்பு. சரியான பதில் ஒன்று இருக்கிறது. அது ஒரு கையெழுத்தைப் பொறுத்தது. அந்தக் கையெழுத்து எந்த நாளில், எந்த மேசையில் போடப்படுகிறது என்பதை அந்தப் பையனுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதே என் ஆதங்கம்.

கொடைக்கானல் தாலுகா திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் கோவை ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. பூம்பாறையில் பூண்டுக் காட்டிலோ, தாண்டிக்குடியில் காப்பித் தோட்டத்திலோ அப்பா அம்மாவோடு வேலை பார்த்துக்கொண்டு படித்த பையன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். இணையத்தில் பதிவு செய்கிறான். பொது நுழைவுத் தேர்வு எழுதுகிறான். 2025 முதல் அதைத் தமிழிலேயே எழுதலாம். பிறகு 'ரேலி'. 1.6 கிலோமீட்டர் ஓட்டம், ஒன்பதடிப் பள்ளம் தாண்டுவது, கம்பியில் தொங்கி எழும்புவது எல்லாம் அங்கேதான். மன்னவனூர்ப் பக்கம் மேட்டிலும் சரிவிலும் ஓடிப் பழகிய கால்களுக்குச் சமவெளி மைதானம் பெரிதாகத் தெரியாது. அடுத்தது மெடிக்கல். அதிலும் தேறினால் தகுதிப் பட்டியல். பட்டியலில் எண் வந்த அன்றே ஊரில் ஃபிளெக்ஸ் ஏறிவிடும். பயிற்சி மையத்துக்குப் போய்ச் சேர இன்னும் சில வாரம் இருக்கும். இந்தச் சில வாரத்தில்தான் மனசு புரள்கிறது.

இந்த இடைவெளியைப் பற்றிச் சட்டம் சொல்வதை முதலில் பார்த்துவிடலாம். ராணுவச் சட்டம் 1950இன் 13ஆம் பிரிவு, சேர விரும்பி முன்னால் வந்து நிற்பவனுக்குப் பணி நிபந்தனைகளைப் படித்துக் காட்டி விளக்க வேண்டிய பொறுப்பைச் சேர்க்கை அதிகாரியின் தலையில் வைக்கிறது. அதன் பிறகு படிவத்தில் உள்ள கேள்விகளைக் கேட்க வேண்டும். பொய்யான பதில் சொன்னால் தண்டனை உண்டு என்று முன்கூட்டியே எச்சரிக்கவும் வேண்டும். 14ஆம் பிரிவு அதற்கடுத்த படி. கேள்விகளை இவன் முழுக்கப் புரிந்துகொண்டான், நிபந்தனைகளுக்குச் சம்மதிக்கிறான், வேறு தடை எதுவும் இல்லை என்று அதிகாரிக்குத் திருப்தியானால், சேர்க்கைத் தாளில் அவர் கையெழுத்துப் போட்டு அவனையும் போடச் சொல்கிறார். அந்தக் கணமே அவன் சேர்க்கப்பட்டவன் ஆகிறான். சீருடை போட்ட நாளோ, முடிவெட்டிய நாளோ, வெலிங்டனில் ரயிலைவிட்டு இறங்கிய நாளோ கணக்கில் வராது.

ஆக, பதிவு, தேர்வு, ஓட்டம், மெடிக்கல், தகுதிப் பட்டியல் ஆகிய எதிலும் பையனைச் சட்டம் கட்டவில்லை. தகுதிப் பட்டியலில் முதல் எண்ணாக இருந்தாலும் கையெழுத்துப் போடாதவரை அவன் சாதாரணக் குடிமகன்தான். வரவில்லை என்று சொல்லிவிடலாம். போலீஸ் வராது, வருவதற்குக் குற்றம் எதுவும் நடக்கவில்லை.

இதை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாக எழுந்து போகிறவன்தான் சிக்கிக்கொள்கிறான். ஆள்சேர்ப்பு அதிகாரியே சட்டப்படி சேர்க்கை அதிகாரியும் ஆவார். அதனால் சேர்க்கைத் தாளில் கையெழுத்து பெரும்பாலும் ஆள்சேர்ப்பு அலுவலகத்திலேயே, பயிற்சி மையத்துக்கு அனுப்பிவைப்பதற்கு முன்பே முடிந்துவிடும். பையன் நினைக்கிறான், 'இன்னும் நாம ஜாயினே பண்ணலையே' என்று. அவனைப் பொறுத்தவரை ஜாயின் பண்ணுவது என்பது நீலகிரியில் வெலிங்டன் மதராஸ் ரெஜிமெண்ட் மையத்திலோ பெங்களூரு மதராஸ் சேப்பர்ஸ் மையத்திலோ பெட்டியோடு போய் நிற்பது. சட்டத்தைப் பொறுத்தவரை அது ஏற்கெனவே கோவையில் நடந்து முடிந்த காரியம். கையில் பயணச் சீட்டும் சேர வேண்டிய தேதியும் கொடுத்து அனுப்பிய பிறகு வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறி மலைக்குத் திரும்பிவிட்டால், அவன் மனம் மாறிய இளைஞன் அல்ல, விடுப்பில்லாமல் வராமலிருக்கும் ராணுவ ஆள். 39ஆம் பிரிவு அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை சொல்கிறது. 106ஆம் பிரிவின்படி 30 நாள் தாண்டினால் விசாரணை மன்றம் கூடி அவன் இல்லாததைப் பதிவு செய்ய வேண்டும். திரும்பி வரும் எண்ணமே இல்லாமல் போனதாகத் தெரிந்தால் அது 38ஆம் பிரிவின் கீழ் ஓடிப்போதல். போர்ப்பணியிலோ அதற்கான உத்தரவின் கீழோ இல்லாதபோதே ஏழு ஆண்டு வரை சிறைக்கு அதில் இடம் உண்டு. அப்படி ஓடியவரைப் பிடித்துத்தர மாவட்டக் காவல்துறைக்கு எழுதும் அதிகாரமும் சட்டத்தில் இருக்கிறது. 'வாரண்டு வரும்' என்று சொன்னவர் இந்த இடத்தில் சரி.

சட்டம் இவ்வளவு சொல்கிறது என்பதற்காக, பயிற்சிக்கே போகாத பத்தொன்பது வயதுப் பையனை ஏழு ஆண்டு உள்ளே வைப்பார்கள் என்று யாரும் நடுங்க வேண்டாம். மனமில்லாதவனைப் பிடித்துவைத்துப் பயிற்சி கொடுப்பதில் எந்தப் படைக்கும் லாபம் இல்லை. ராணுவ விதிகள் 1954இன் 13ஆம் விதியில், உறுதிமொழி எடுக்காத புதியவர்களை விடுவிக்கத் தனி ஏற்பாடே இருக்கிறது. 'திறமையான வீரராக ஆக வாய்ப்பில்லை' என்பது அதில் உள்ள காரணங்களில் ஒன்று. உறுதிமொழி என்பது சேர்க்கைக்கும் பிறகு வருவது. 17ஆம் பிரிவின்படி கட்டளை அதிகாரி முன்னால், படையின் முன்னிலையில் எடுப்பது. கையெழுத்துக்கும் உறுதிமொழிக்கும் நடுவே உள்ளவனுக்குக் கதவு முழுக்கச் சாத்தவில்லை. ஆனால் தாழ்ப்பாள் இப்போது உள்பக்கம் இல்லை. திறக்க வேண்டியவர் அதிகாரி.

இந்த நடுவிடத்தைப் பற்றி 15ஆம் பிரிவு ஒரு நுணுக்கம் சொல்கிறது. சேர்க்கப்பட்டவனாக மூன்று மாதம் சம்பளம் வாங்கி, படையின் பேரேட்டில் பெயரும் இருந்துவிட்டால், சேர்க்கையில் முறைகேடு நடந்தது என்று சொல்லி விடுதலை கேட்க முடியாது. அந்த மூன்று மாதத்துக்குள் கேட்கலாம். ஆனால் கேட்டதாலேயே அவன் வெளியாள் ஆகிவிடமாட்டான். விடுவிக்கப்படும் நாள்வரை ராணுவ ஆளே. நிபந்தனைகளை எனக்கு யாரும் விளக்கவில்லை என்று முறையிட வேண்டியவனுக்கு இருப்பது இந்த மூன்று மாதம்தான்.

இன்னொரு பொறியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல பையன்கள் மாட்டிக்கொள்கிற பொறி அது. தரைப்படைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இடையில் விமானப்படையில் கிடைத்தது என்று அங்கே போய்ச் சேர்கிறான். இங்கே முறையான விடுவிப்பு வாங்காமல் அங்கே சேர்ந்தால் அது 43ஆம் பிரிவின்படி மோசடிச் சேர்க்கை. ஐந்து ஆண்டு வரை தண்டனை. நாட்டுக்காகத்தானே போகிறோம், எந்தப் படையானால் என்ன என்று அவன் நினைக்கலாம். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

மனம் மாறுவதற்கென்று நேரம் ஒதுக்குவது புதிய யோசனை இல்லை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பிரிட்டிஷ் ராணுவத்தில் ஆள் எடுப்பவர் ஒரு ஷில்லிங்கைக் கையில் வைத்தால், வாங்கியவன் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். குடிபோதையில் வாங்கியவர்கள் ஏராளம். அதனால் கலகச் சட்டங்கள் ஒரு தடுப்பு வைத்தன. ஷில்லிங் வாங்கியவனை 24 மணி நேரம் கழித்து, நான்கு நாளுக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். தெளிந்த தலையோடு அவன் 'வேண்டாம்' என்றால், வாங்கிய பணத்தோடு 20 ஷில்லிங் கூடக் கட்டிவிட்டுப் போகலாம். 20 ஷில்லிங் என்பது அந்தக் கால ஏழைக்குக் கனமான தொகைதான். ஆனாலும் ஒரு விலை சொல்லி, ஒரு நாள் சொல்லி, ஒரு நீதிபதியையும் வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். போதையிலிருந்தவனுக்குச் சட்டம் கொடுத்த அந்த 24 மணி நேரம், தெளிவாக இருக்கும் நம் பையனுக்கு இன்று ஏட்டில் இல்லை.

நம் பக்கத்திலோ படைக்கடமை கையெழுத்தில் தொடங்கியதே இல்லை. மலையடிவாரத்து விருப்பாட்சி பாளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஆட்கள் அவர் பின்னால் போனது சேர்க்கைத் தாளில் ஒப்பமிட்டதால் அல்ல. நிலமும் குலமும் உப்பும் கட்டிய கட்டு அது. 1801இல் அவரைக் கும்பினி தூக்கிலிட்ட பிறகு பாளையங்களின் படை கலைந்தது. கூலிக்குக் கையெழுத்து என்கிற முறை நிலைத்தது. அந்தப் பழைய உறவின் மிச்சம்தான் இன்றும் ஊர் வாயில் நிற்கிறது என்று நினைக்கிறேன். 'சொன்ன சொல் தவறிட்டான்' என்று ஊர் சொல்லும்போது அது ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசவில்லை, ஆளைப் பற்றிப் பேசுகிறது. வழக்குக்குப் பயப்படுவதைவிட அந்தப் பேச்சுக்குப் பயந்து விருப்பமில்லாமல் வண்டி ஏறுகிறவர்கள் உண்டு.

ஆனால் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றது பையன்கள் மட்டுமா? இந்த விவாதத்தில் அதிகம் பேசப்பட வேண்டியதும், பேசப்படாமலே போவதும் 2020 முதல் 2022 வரை நடந்ததுதான்.

கொரோனாக் காலத்தில் ராணுவ ஆள்சேர்ப்பு நின்றது. நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த கணக்கின்படி, 2020-21இல் திட்டமிட்ட 97 ரேலிகளில் 47தான் நடந்தன. அப்போது ரேலிக்குப் பிறகுதான் எழுத்துத் தேர்வு. நடந்தவற்றிலும் நான்கு ரேலிகளுக்கு மட்டுமே எழுத்துத் தேர்வு வரை முடிந்தது. 2021-22இல் திட்டமிட்டது 87, நடந்தது நான்கு, எழுத்துத் தேர்வு எதற்கும் இல்லை. ஓடி ஜெயித்து, மெடிக்கலில் தேறி, எழுத்துத் தேர்வுக்கு அனுமதிச் சீட்டு எப்போது வரும் என்று ஆயிரக்கணக்கான பையன்கள் காத்திருந்தார்கள். விமானப்படைக்கு 2019இல் தேர்வெழுதித் தற்காலிகத் தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தவர்களும் சேர்க்கைப் பட்டியலை எதிர்பார்த்து இருந்தார்கள். காத்திருக்கிறவன் வேறு படிப்பில் சேரமாட்டான், வேறு வேலைக்கு ஒழுங்காகத் தயாராகமாட்டான். காலையில் எழுந்து ஓடுவான், சாப்பாட்டைப் பார்த்துச் சாப்பிடுவான், வயசு ஏறுவதை எண்ணுவான்.

2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் வந்தது. பழைய ஆள்சேர்ப்பு முழுவதும் ரத்து. எல்லோரும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். வயது வரம்பை அந்த ஓராண்டுக்கு மட்டும் 21இலிருந்து 23 ஆக உயர்த்தினார்கள். ஆனால் அவர்கள் காத்திருந்த வேலை வேறு, இப்போது கிடைப்பது வேறு. முன்பு 15 ஆண்டு முடித்தால் ஓய்வூதியம். இப்போது நான்கு ஆண்டு, அதன்பின் நிரந்தரமாக எடுத்துக்கொள்வது அதிகபட்சம் 25 சதவீதம் பேரை.

வழக்குப் போட்டார்கள். தில்லி உயர் நீதிமன்றம் 2023 பிப்ரவரி 27 அன்று திட்டத்தை உறுதி செய்தது. பழைய ஆள்சேர்ப்பை முடித்துத் தாருங்கள் என்று கேட்கும் உரிமை மனுதாரர்களுக்கு இல்லை என்றது. ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளிவிட்டது. சட்ட நோக்கில் இது ஆச்சரியமில்லை. தேர்வுப் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே நியமனத்துக்கு உரிமை வந்துவிடாது என்று 1991இலேயே சங்கர்சன் தாஷ் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. படைக்கு எப்படி ஆள் எடுப்பது என்பது அரசின் கொள்கை முடிவு. அதில் நீதிமன்றம் தலையிடத் தயங்குவது எனக்குப் புரிகிறது.

புரிந்தாலும் ஒன்றை விடாமல் சொல்லியாக வேண்டும். அந்தத் தீர்ப்புகளின் அடிப்படை என்ன? கையெழுத்துக்கு இந்தப் பக்கம் யாருக்கும் யாரும் கடன்படவில்லை என்பதே. அரசு மூன்று ஆண்டு காக்கவைத்துவிட்டு, பொது நலன் கருதி மனதை மாற்றிக்கொண்டேன் என்று சொல்லலாம் என்றால், பூம்பாறைப் பையன் மூன்று வாரம் யோசித்துவிட்டு, வீட்டு நலன் கருதி மனதை மாற்றிக்கொண்டேன் என்று சொல்வதும் அதே அளவு நேர்மையானது. அவனைக் கோழை என்று சொல்ல யாருக்கும் வாய் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் இந்தத் தீர்ப்பைப் பற்றித் தெரிந்துகொண்டால், பையனின் முகத்தைப் பார்த்துப் பேசும் விதமே மாறும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

ஏன் மனம் மாறுகிறது? பயம் என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் மலையில் ஒரு வீட்டுக் கணக்கைப் பார்த்ததில்லை. அக்னிபத்தில் சேரும் அக்னிவீரரின் முதலாண்டு மாதத் தொகை ₹30,000. அதில் 30 சதவீதம் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடித்துக்கொண்டு கையில் ₹21,000. நான்காம் ஆண்டில் ₹40,000. முடித்து வெளியே வரும்போது தன் பங்கு ₹5.02 லட்சமும் அரசின் பங்கு அதே அளவும் வட்டியும் சேர்த்து ஏறக்குறைய ₹11.71 லட்சம் என்று திட்டத்தை அறிவித்தபோது கணக்குச் சொன்னார்கள். வெள்ளைப்பூண்டு விலை ஒரு வருஷம் ஏறி மறு வருஷம் விழுகிற ஊரில், மாதம் தவறாமல் வரும் பணத்தைச் சாதாரணமாக நினைக்க முடியாது. எத்தனையோ வீட்டில் கடன் அடைந்ததும், ஓட்டு வீடு மாடியானதும், தங்கச்சி கல்யாணம் நடந்ததும் பட்டாளத்துப் பணத்தில்தான்.

ஆனால் அதே பையன் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வையும் எழுதியிருப்பான். குரூப் 4ம் எழுதியிருப்பான். பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் மரத்தடியில் நடக்கும் இலவசப் பயிற்சிக்கு மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் போய் உட்காரும் பிள்ளைகள், ஒரே நேரத்தில் மூன்று நான்கு தேர்வுக்குத்தான் படிக்கிறார்கள். காவலர் வேலைக்கு அடிப்படைச் சம்பளம் ₹18,200இல் தொடங்கி ₹67,100 வரை போகும் அளவுகோல். பார்ப்பதற்குத் தொடக்கம் குறைவு. ஆனால் அது நான்கு ஆண்டில் முடிகிற வேலை இல்லை. திண்டுக்கல்லிலோ தேனியிலோ போஸ்டிங் கிடைத்தால் தீபாவளிக்கு வீட்டுக்கு வரலாம். ரேலி முடிவும் காவலர் முடிவும் அடுத்தடுத்து வந்தால், எதை விடுவது என்று யோசிப்பதில் கோழைத்தனம் எங்கே இருக்கிறது? 15 ஆண்டும் ஓய்வூதியமும் என்று இருந்தவரை பட்டாளம் மற்ற எல்லா வேலையையும் தராசில் தூக்கிவிடும். நான்கு ஆண்டு என்று ஆனதும் தராசு மாறிவிட்டது. முன்பு பின்வாங்கியவன் வாழ்நாள் வேலையைக் கைவிட்டவன். இப்போது பின்வாங்குகிறவன் நான்கு ஆண்டு ஒப்பந்தம் ஒன்றை மறுக்கிறான்.

பிறகு வீடு. இடையில் அப்பா மலைவாழைத் தோட்டத்தில் வழுக்கி விழுந்து படுத்திருக்கலாம். ஒரே பையன் என்று அம்மா சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கலாம். சேவைக் காலம் முடியும்வரை திருமணம் கூடாது என்பது திட்டத்தின் நிபந்தனை. அது சிலருக்கு விஷயமே இல்லை, சிலருக்கு அதுதான் எல்லாமும். முன்னால் போன அண்ணன் ஒருவன் போனில் பயிற்சி எப்படி என்று சொன்னது மனதைக் குலைத்திருக்கலாம். இவற்றில் எதையும் நான் சின்னக் காரணம் என்று சொல்லமாட்டேன். உயிரைக் கொடுக்கத் தயார் என்று எழுதித்தருகிற இடம் அது. அங்கே அரை மனசோடு போகிறவன் தனக்கும் தன் பக்கத்தில் நிற்பவனுக்கும் சேர்த்து ஆபத்து.

போய்ச் சேர்ந்த பிறகு விலக நினைக்கிற அக்னிவீரரின் நிலைமை இன்னும் இறுக்கமானது. நான்கு ஆண்டு முடியும் முன் சொந்த விருப்பத்தில் வெளியேற அனுமதி இல்லை. மிக விதிவிலக்கான சூழலில், உரிய அதிகாரி ஒப்புக்கொண்டால் மட்டுமே. அப்படி வெளியேறினால் சேவா நிதியில் தான் போட்ட பங்கும் அதன் வட்டியும்தான் கைக்கு வரும், அரசின் பங்கு வராது. 2023இல் முதல் அணி பயிற்சியில் இருந்தபோதே சிலர் நடுவில் கிளம்பிவிட்டதாகச் செய்திகள் வந்தன. அந்தப் பையன்கள் எல்லாம் ஒரு மாதம் முன்னால், கையெழுத்து மேசைக்கு முன்னால், யாராவது உட்காரவைத்துப் பேசியிருந்தால் எடுத்திருக்கக்கூடிய முடிவைத்தான் பின்னால் எடுத்தார்கள்.

அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வாகிறவர்கள் கதை தனி. தேசிய பாதுகாப்பு அகாதமியிலோ, சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாதமியிலோ சேர்ந்துவிட்டுச் சொந்தக் காரணத்தால் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதற்குப் பெற்றோரிடம் முன்பே எழுதி வாங்குகிறார்கள். 'லட்சக்கணக்கில் கட்டச் சொல்வார்கள்' என்ற பேச்சு மலைக்கு ஏறியது அங்கிருந்துதான் என்பது என் ஊகம். சேருவதற்கு முன் விலகுகிற சிப்பாய்த் தேர்வருக்கும் அந்தப் பத்திரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

மற்ற நாடுகள் இந்த இடைவெளியை எப்படி நடத்துகின்றன? கொடைக்கானல் ஏரிப் பக்கம் 1901இல் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்றும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் நாட்டில் 1973 வரை கட்டாய ஆள்சேர்ப்பு இருந்தது. அது போன பிறகு அமெரிக்க ராணுவம் ஓர் இடைக்கால ஏற்பாட்டில்தான் பெரும்பாலோரை எடுக்கிறது. இன்று ஒரு கையெழுத்து. ஓராண்டு வரை சம்பளமில்லாமல் காத்திருப்பு. பயிற்சிக்குக் கிளம்பும் நாளில் இன்னொரு கையெழுத்து. முதல் கையெழுத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே மனம் மாறுகிறவர்களை விடுவித்துவிடுகிறார்கள். வழக்கு இல்லை, சிறை இல்லை. ஆள்சேர்ப்பவர்கள் சிலர் பயமுறுத்துவதுண்டு என்பதால், விலகுகிறவரை மிரட்டக்கூடாது என்று அவர்களுக்கே விதி வைத்திருக்கிறார்கள். பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போய், உள்ளே வந்தவனுக்கும் வாசல் வைத்திருக்கிறது. 28 நாள் பணி முடித்த புதியவர் மூன்று மாதத்துக்குள் உரிமையாகவே விலகலாம். 18 வயது நிரம்பாதவருக்கு அது ஆறு மாதம். சிங்கப்பூரில் இருக்கும் நம் உறவுக்காரர்களுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. அங்கே குடிமகனுக்கும், நிரந்தரவாசியின் மகனுக்கும் தேசிய சேவை கட்டாயம். வராதவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இந்தியா கட்டாயப்படுத்தும் நாடு அல்ல. அரசியல் சாசனத்தின் 23ஆம் உறுப்பு பொதுக் காரியத்துக்காகக் கட்டாய சேவை விதிக்க அரசுக்கு இடம் கொடுத்தாலும், படைக்கு அதை ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. குழந்தைகளை ஆயுதப் போர்களில் ஈடுபடுத்துவது பற்றிய ஐ.நா. நெறிமுறையை 2005இல் ஏற்றபோதும், நம் ஆள்சேர்ப்பு முழுக்க முழுக்க விருப்பத்தின் பேரிலானது என்று உலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்த நெறிமுறை 18 வயதுக்குக் கீழே எடுப்பதானால் பெற்றோரின் விவரமறிந்த சம்மதமும், சேருகிறவருக்குக் கடமைகளைப் பற்றிய முழு விளக்கமும் வேண்டும் என்கிறது. நம்மிடம் அக்னிவீர் ஆகக் குறைந்தபட்ச வயது 17½. பதினேழரை வயதுப் பையன் தன் பெயரில் ஒரு செல்போன் தவணைக்குக்கூட ஒப்பந்தம் போட முடியாது. ராணுவத்தில் சேரலாம், பெற்றவர் கையெழுத்தோடு.

ராணுவத்தின் பக்க நியாயத்தையும் வைத்தாக வேண்டும். ஒரு பயிற்சி அணியில் இடங்கள் எண்ணித்தான் இருக்கும். போகிறேன் என்று சொல்லிவிட்டு நாளன்று வராமல் போகிறவனின் இடம் காலியாகவே ஓடுகிறது. அந்த இடத்துக்காக ஓடி, அரை மதிப்பெண்ணில் தவறவிட்ட இன்னொரு பையன், ஒருவேளை பக்கத்து ஊரான வில்பட்டியில், வயசு ஏறிக்கொண்டிருக்க உட்கார்ந்திருப்பான். அதனால் விலகுவதில் குற்றமில்லை, சொல்லாமல் விலகுவதில் இருக்கிறது. இதை நான் அழுத்தித்தான் சொல்வேன். மனம் மாறிய அன்றைக்கே எழுத வேண்டும். பதிவு எண், தேர்வு எண், தகுதிப் பட்டியல் எண் மூன்றையும் குறிப்பிட்டு, சேர்க்கைத் தாளில் நான் இன்னும் கையெழுத்திடவில்லை, சேர விரும்பவில்லை, கொடுத்த அசல் சான்றிதழ்கள் இருந்தால் திருப்பித் தாருங்கள் என்று நாலு வரி. கோவை ஆள்சேர்ப்பு அலுவலக இயக்குநருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கையெழுத்து முடிந்துவிட்டதென்றால் கடிதத்தை நம்பி வீட்டில் இருக்கக்கூடாது. குறித்த நாளில் மையத்தில் போய் நின்று, அங்கே விடுதலை கேட்டு எழுதிக் கொடுப்பதுதான் தப்பில்லாத வழி. இரண்டுக்கும் நடுவில், காசு கொடுத்தால் பெயரை எடுத்துவிடுகிறேன் என்று வருகிற தரகர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக்கூடாது.

ராணுவச் சட்டத்தைப் படித்துக்கொண்டு வந்தபோது 23ஆம் பிரிவில் நின்றுவிட்டேன். பணியிலிருந்து விடுவிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் தர வேண்டும், அதை அவருடைய தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும் என்கிறது அது. வெளியே போகிறவனின் தாய்மொழியைச் சட்டம் நினைவில் வைத்திருக்கிறது. உள்ளே வருகிறவனுக்கு நிபந்தனைகளைப் படித்துக் காட்டச் சொல்லும் 13ஆம் பிரிவில் மொழி பற்றி ஒரு சொல் இல்லை. தேர்வைத் தமிழில் எழுத வைக்க முடிந்த அலுவலகத்தால், எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் சிப்பாய், அதற்கு முன்னால் எப்படி விலகலாம், பின்னால் என்ன ஆகும் என்பதை இரண்டு பக்கம் தமிழில் அச்சடித்து அனுமதிச் சீட்டோடு சேர்த்து அனுப்ப முடியும். பண்ணைக்காட்டிலும் பூம்பாறையிலும் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்ட முடியும். பதினேழரை வயது மகனுக்காகக் கையெழுத்துப் போட மேல்மலைக் கோடியில் கவுஞ்சியிலிருந்து ஒரு தாய் கோவைக்கு வந்து போவதென்றால் பஸ்ஸிலேயே ஒரு பகல் போய்விடும். வந்து நிற்கிறவருக்கு அரைமணி நேரம் ஒதுக்கி, உட்காரவைத்து, மகனோடு சேர்த்து அவருக்கும் அதைப் படித்துக் காட்ட முடியும்.